படத்தில் இடைச்செருகல்

கம்பராமாயணத்தில் வெள்ளிப்பாடல் என்று ஒரு வகை உண்டு. வெள்ளியம்பலத் தம்பிரான் என்ற துறவி, கம்பன் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று தமக்குத் தோன்றிய இடங்களிலெல்லாம் தாமே பாட்டுக் கட்டிச் சேர்த்துவிட்டார் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். எல்லாப் பழியையும் அவர் ஒருவர் தலையிலேயே போடுவது நியாயமா என்பது வேறு விஷயம். ஏடு எழுதியவர்களில் கை சும்மா இருக்காதவர்கள் இன்னும் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பாடல்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவற்றில் பல மோசமான பாடல்கள் அல்ல. விருத்தம் தடையில்லாமல் ஓடும். எதுகை மோனை பிசகாது. கம்பனுடைய சொற்களே கம்பனுடைய நடையிலேயே வரும். கம்பனை நன்றாகப் படித்தவன் எழுதிய பாட்டு. கம்பன் எழுதாத பாட்டு. அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண வாசகனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டின் வெற்றி.

இந்தப் பழைய வம்பு இப்பொழுது புது உருவம் எடுத்து வந்திருக்கிறது. ஆவடி மார்க்கெட்டிலும், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலும், அம்பத்தூர் ஓ.டி.யில் லாமினேஷன் கடைகளிலும் மங்கிப்போன பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் துலக்கித் தருகிறார்கள். நெற்றியில் மடிப்பு விழுந்த படம், ஓரத்தில் பூச்சி அரித்த படம், ரேஷன் கார்டிலிருந்து செல்போனில் பிடித்த தபால்தலை அளவுப் படம், எதைக் கொடுத்தாலும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கி, தோலில் மயிர்க்கால் தெரிகிறமாதிரி கொடுத்துவிடுகிறார்கள். திவசத்துக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, கண்ணீர் அஞ்சலிப் பானருக்கு என்று கிராக்கிக்குக் குறைவில்லை. கடைக்குப் போகாமல் கையிலிருக்கும் செல்போனிலேயே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். நாவலை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். வீட்டுக்கு வீடு கூடத்தில் ஏறிவிட்ட இந்தப் படங்களை மட்டும் ஒருவரும் விமர்சிக்கக் காணோம். "நன்றாயிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த விதத்தில் நன்றாயிருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாமே.

யந்திரம் செய்கிற காரியம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். டிஃப்யூஷன் மாடல் என்று அதற்குப் பெயர். டிஃப்யூஷன் என்றால் பரவுதல். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள். நூல் நூலாகச் சுருண்டு, புகையாகி, கடைசியில் வாளி முழுவதும் ஒரே வெளிர்நீலமாகிவிடும். சொட்டு எங்கே விழுந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பரவலைத் திருப்பி ஓட்ட முடியுமா என்ற பௌதிகக் கேள்வியிலிருந்து 2015ல் அமெரிக்காவில் ஸோல்-டிக்ஸ்டைன் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த முறைக்கு விதை போட்டார்கள். 2020ல் பெர்க்கிலி சர்வகலாசாலையில் ஜானதன் ஹோ முதலிய மூவர் அதைக் காரியத்துக்கு ஆகும்படி செய்தார்கள். ஒரு நல்ல படத்தை எடுத்து அதன்மேல் தூசி தூவுகிறார்கள். ஒரேயடியாக அல்ல, சிறிது சிறிதாக, 1000 படிகளில். பழைய டெலிவிஷனில் நிகழ்ச்சி முடிந்ததும் 'ஸ்' என்ற சப்தத்தோடு ஒரு புள்ளிமழை பெய்யுமே, கடைசியில் படம் அப்படி ஆகிவிடும். வழியில் நிறுத்தி நிறுத்தி, "இதில் எது தூசி?" என்று யந்திரத்தைக் கேட்டுப் பழக்குகிறார்கள். எத்தனையோ ஆயிரம் படங்களில் பழகியபின் தூசியைக் கழிப்பதில் அதற்குக் கை தேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வெறும் புள்ளிமழையை மட்டும் கொடுத்து, "தூசியைக் கழி" என்றால், கழித்துக் கழித்து ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் புள்ளிமழைக்குள் எந்த முகமும் இருந்ததில்லை!

மங்கல் படத்தைத் துலக்குவதும் இதே வித்தைதான். நம்முடைய படத்தின்மேல் படிந்த அழுக்கை ஈரத் துணியால் துடைக்கிறமாதிரி துடைக்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. யந்திரம் புதிதாக ஒரு படம் போடுகிறது. போடும்போது நம்முடைய மங்கல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறது. ஒரே மங்கல் படத்தைக் கொடுத்து இரண்டு தரம் ஓட்டினால் இரண்டு முகம் வரும். இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். எந்த முகத்தைக் கூடத்தில் மாட்டுவது என்பதைக் கடைக்காரர் தீர்மானம் செய்கிறார். அல்லது அவர்கூடச் செய்வதில்லை, முதலில் வந்ததைப் பிரிண்ட் போட்டுவிடுகிறார்.

2021ல் கூகிள் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியில் ஒன்று செய்து காட்டினார்கள். நீளத்தில் 16, அகலத்தில் 16, ஆக 256 புள்ளிகளே கொண்ட ஒரு முகம். அதை 128க்கு 128ஆக, அதாவது 16,384 புள்ளிகளாகப் பெரிதாக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி கொடுத்தால் அறுபத்து நான்காகத் திரும்பி வருகிறது. நம்முடைய முதல் ஒரு பங்கு. யந்திரத்தின் உபயம் 63 பங்கு. வட்டிக் கடைக்காரன்கூட இந்த விகிதத்துக்குக் கூசுவான். அந்தப் படங்களையும் அசல் போட்டோக்களையும் ஜோடி ஜோடியாகக் காட்டி, "இதில் காமிராவில் எடுத்தது எது?" என்று மனிதர்களைக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதித் தடவை யந்திரத்தின் படத்தையே கை காட்டினார்கள். அதாவது காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்கும் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும் பேதமில்லை. பெரிய வெற்றிதான். சந்தேகமில்லை.

ஆனால் எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "காமிராவில் எடுத்தது எது?" என்பது ஜோடனையைப் பற்றிய கேள்வி. "இது அந்த மனிதர்தானா?" என்று கேட்டால் அது ஆளைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்குத் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அந்த மனிதரைத் தெரிந்தவர் ஒருவர் உயிரோடு இருக்கவேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இந்த பேதம் மனப்பாடம். நம்பும்படியாகப் பொய் சொல்வது எங்களுடைய தொழில். வில்லிவாக்கம் ரயிலடியில் ஒரு பாத்திரத்தை நிறுத்தி, அவன் சட்டைப் பையில் பீடிக்கட்டையும் பழைய சீசன் டிக்கெட்டையும் வைத்துவிட்டால், வாசகன் நம்பிவிடுகிறான். சில்லறை விவரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பிக்கை. இந்த ரகசியத்தை யந்திரமும் தெரிந்துகொண்டுவிட்டது. அதனால்தான் கேட்காமலே மயிர்க்கால் போட்டுக் கொடுக்கிறது. நாங்கள் அட்டையில் 'நாவல்' என்று அச்சடித்துவிட்டு இதைச் செய்கிறோம். அது அச்சடிப்பதில்லை.

ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விவரமாகப் பார்க்கலாம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. தேபர் தலைமை, நேருஜி வந்தார், காமராஜர் அப்போது முதல் மந்திரி. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பருடைய தகப்பனார் அந்த மகாநாட்டில் தொண்டராக இருந்தவர். மகாநாட்டுப் பந்தலுக்கு வெளியில் தொண்டர்கள் ஏழெட்டுப் பேர் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று அவர் வீட்டில் உண்டு. தகப்பனார் இருக்கிற படம் அது ஒன்றுதான். இடமிருந்து மூன்றாவது ஆள். முகம் ஒரு புளியங்கொட்டை அளவு. நண்பர் அதைத் துலக்கி, பெரிதாக்கி, தகப்பனாரை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு படமும், முழுப் படம் ஒன்றுமாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

முழுப் படத்தை முதலில் சொல்கிறேன். பழைய படத்தில் தொண்டர்களுக்குப் பின்னால் ஒரு வரவேற்பு வளைவு. அதில் 'நல்வ' என்கிற வரையில் படிக்க முடிகிறது. மிச்சம் வெயிலில் கரைந்துவிட்டது. புதுப் படத்தில் அந்த இடத்தில் வார்னிஷ் அடித்தமாதிரி பளிச்சென்று எழுத்துக்கள் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் அவை எழுத்துக்களே அல்ல. வளைவு இருக்கிறது, சுழி இருக்கிறது, கொம்பு போல் ஒன்று இருக்கிறது. தமிழ் தெரியாத ஒரு சித்திரக்காரன் தூரத்திலிருந்து தமிழைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து போட்டமாதிரி. படிக்க முடிந்த 'நல்வ'வும் போயிற்று. படிக்க முடியாததைத் தெளிவாக்குகிறேன் என்று புறப்பட்டுப் படிக்க முடிந்ததையும் தெளிவாகப் படிக்க முடியாமல் ஆக்கியிருக்கிறது! வளைவுக்கும் பின்னால் கூட்டம். அசலில் அரிசி அரிசியாகத் தலைகள், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்தால் கூட்டம் என்று மனசில் படுகிறது. எறும்புச் சாரை போல் ஓர் அசைவுகூடத் தெரிகிறது. புதுப் படத்தில் ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு முகம் கொடுத்திருக்கிறது. சில முகங்களுக்குக் கண் ஒன்று மேலே, ஒன்று கீழே. கொஞ்சம் ஒழுங்காக வந்தவையெல்லாம் ஒரே குடும்பத்து ஜாடை. வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு தொழில்களிலிருந்து வந்து நின்ற ஜனங்கள் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

தனிப் படத்துக்கு வருவோம். அழகான முகம். கதர்க் குல்லாய், கூர்மையான மூக்கு, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம், கன்னம் வழவழவென்று இருக்கிறது. நண்பருக்குப் பரம திருப்தி. நான் போயிருந்த அன்று அவருடைய அத்தை வந்திருந்தார்கள். எண்பத்து நான்கு வயசு. அந்தத் தொண்டருக்குத் தங்கை. கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"யாருடா இது?"

"என்ன அத்தை, அப்பா."

"அண்ணன் மாதிரிதான் இருக்கு" என்றார்கள் கொஞ்ச நேரம் கழித்து. "அண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்புடா. சின்ன வயசிலே வாத்து போட்டு, பொழைச்சதே பெரிசு. தழும்பு எங்கே?"

பழைய படத்தை எடுத்து வந்து பார்த்தோம். புளியங்கொட்டை முகத்தில், கன்னத்துப் பக்கம், லேசாக ஒரு கரகரப்பு தெரிந்தது. காகிதத்தின் சொரசொரப்பா, தழும்பா என்று சொல்ல முடியாது. யந்திரத்தாலும் சொல்ல முடியவில்லை. தூசி என்று தீர்மானித்துக் கழித்துவிட்டது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூசியைக் கழிப்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூகிள் யந்திரம் முகத்தைக் கற்றது 70,000 முகப்படங்கள் கொண்ட ஒரு தொகுப்பில். இன்டர்நெட்டில் ஃபிளிக்கர் என்ற இடத்தில் ஜனங்கள் தாங்களே போட்டுவைத்த படங்களிலிருந்து திரட்டியது அது. பெரியம்மை வந்து போன முகங்கள் அதில் எத்தனை இருக்கும்? பாம்படம் போட்டுத் தொங்கிய காதுகள் எத்தனை? மூக்குத்தியின் இரட்டை வெளிச்சத்தைப் படத்தில் விழுந்த கீறல் என்று எண்ணித் துடைத்துவிட்ட பாட்டிகளை நான் இந்தப் பக்கத்திலேயே இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். 2020ல் இதற்கு முந்திய ஜாதி யந்திரம் ஒன்று, ஒபாமாவின் மங்கல் படத்தைக் கொடுத்ததற்கு ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெரிய ரகளை நடந்தது. ஒபாமாவுக்கு ஆயிரம் படம் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிக்கலாம். தொண்டருக்கு இருந்தது ஒன்று.

இங்கே திருமுல்லைவாயில் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்டைமான் முல்லைக் கொடியை வெட்டும்போது வாள் பட்டுச் சுவாமியின்மேல் காயம் உண்டாயிற்று என்பது தல புராணம். அந்தத் தழும்போடு இருக்கிற சுவாமிக்கு மாசிலாமணி ஈசுவரர் என்று பெயர்! தழும்பைச் சந்தனக் காப்பால் மூடி வைத்திருக்கிறார்கள். சித்திரையில் காப்புக் களைந்து தரிசனம் காட்டுகிறார்கள். தழும்பைச் செதுக்கி எடுத்து மெருகு போட்டுவிடலாம் என்று எந்த ஸ்தபதிக்கும் தோன்றவில்லை.

கடைக்காரர்களோடு பேசிப் பார்த்தேன். அம்பத்தூரில் ஒருவர் நியாயமாகவே சொன்னார்: "சார், மங்கலா குடுத்தா காசு குடுக்க மாட்டாங்க. 'இதுக்கா ஐந்நூறு ரூபா?'ன்னு கேப்பாங்க. முகம் பளிச்னு இருக்கணும். பளிச்னு இருந்தா, 'அம்மா அப்படியே இருக்காங்க'ன்னு அழுதுடறாங்க, சார்." அவர் சொல்வது பொய்யல்ல. அழுகிறார்கள். அந்தக் கண்ணீரைப் பரிகசிக்க நான் தயாரில்லை. அம்மாவின் முகம் நினைவிலேயே கலைந்துபோன மகனுக்கு, கிட்டத்தட்ட அம்மா போன்ற ஒருத்தி சுவரிலிருந்து பார்த்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். கலைந்த நினைவு மெள்ள மெள்ள அந்தப் புதுப் படத்தைப் பார்த்தே தன்னைத் திருத்திக்கொண்டுவிடுகிறது. பேரக் குழந்தைகளுக்கு அதுதான் பாட்டி. இன்னும் பத்து வருஷம் போனால், "மூக்குத்தி எங்கே?" என்று கேட்க ஆள் இருக்காது.

இந்தத் தகராறு கடைக்காரரின் கைத்திறமையைப் பொறுத்தது அல்ல என்பதைக் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த பிளாவ், மிக்கேலி என்ற இருவர் 2018ல் வெளியிட்ட கட்டுரை அது. துலக்கிய படம் கண்ணுக்கு இயற்கையாகவும் இருக்கவேண்டும், மூலத்துக்கு விசுவாசமாகவும் இருக்கவேண்டும் என்றால், ஒரு வரம்புக்கு மேல் இரண்டும் சேர்ந்து நடக்காது; ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்தே தீரும். பழைய முறைகள் தெரியாத இடத்தைச் சராசரியாக்கிக் குழைத்து வைத்தன. படம் மொழுக்கென்று இருந்தது; ஆனால் அந்த மொழுக்கில் ஒரு நாணயம் இருந்தது. "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்று அது சொல்லிற்று. புது யந்திரம் தெரியாத இடத்தில்தான் அதிகமாகப் பேசுகிறது. சிங்கப்பூர் நன்யாங் சர்வகலாசாலையார் 2023ல் செய்த ஒரு யந்திரத்தில், அழகு எவ்வளவு, விசுவாசம் எவ்வளவு என்று கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். யோக்கியமான ஏற்பாடு. நம்முடைய கடைகளில் அந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கூடத்துச் சுவரோடு இது நின்றால் குடும்ப விவகாரம் என்று விட்டுவிடலாம். நிற்காது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21ந் தேதி இரவு அங்கே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். படம் எடுக்க வந்த ஹரிபாபு என்ற இளைஞரும் குண்டு வெடிப்பில் இறந்துபோனார். அவருடைய சினான் காமிரா மட்டும் பிழைத்தது. அதில் இருந்தவை 10 படங்கள். சந்தன மாலையோடு நிற்கிற பெண். குர்த்தாவும் பைஜாமாவும் அணிந்து, பத்திரிகை நிருபர் போல் கையில் குறிப்பேட்டோடு நிற்கிற ஆள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் துப்பு எங்கே ஆரம்பித்திருக்கும் என்று சொல்வது கஷ்டம். வழக்கு பூந்தமல்லி தனிக் கோர்ட்டில் நடந்தது. 1998 ஜனவரி 28ந் தேதி 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதில் நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது.

அந்தப் பத்துப் படங்கள் அவசரத்தில், இரவில், ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. ஆனால் அவற்றில் இருந்தது அத்தனையும் வெளிச்சம் ஃபிலிமின்மேல் விழுந்ததால் உண்டானது. எதிரே இல்லாத ஒன்றை ஃபிலிம் தானாகப் போடவில்லை. குர்த்தா அணிந்த அந்த சிவராசனை நாடு முழுவதும் ஒற்றைக்கண் சிவராசன் என்றே தேடிற்று. இன்று அதுபோல் ஒரு படம் தெருக்கோடிக் காமிராவில் மங்கலாக விழுந்து, அதை யாராவது நல்ல எண்ணத்தோடு துலக்கினால், எழுபதாயிரம் முகங்களில் பாடம் படித்த யந்திரம் இரண்டு கண்ணையும் சமமாக்கி வைப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. பெரும்பாலான முகங்களுக்குக் கண் இரண்டுதானே? அப்படி வந்த முகம் வேறு ஒருவனுடைய முகத்தோடு பொருந்திவிட்டால், அந்த வேறு ஒருவன் என்ன சாட்சி கொண்டுவருவான்?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கோர்ட் ஒன்று 2024 மார்ச்சில் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. ஒரு கொலை வழக்கில், செல்போனில் எடுத்த வீடியோவை செயற்கை அறிவுக் கருவியால் துலக்கிக் கொண்டுவந்தார்கள்; எதிரித் தரப்பார்தான் கொண்டுவந்தார்கள். நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். என்ன இருந்தது என்பதைக் காட்டாமல், என்ன இருக்கவேண்டும் என்று யந்திரம் எண்ணுகிறதோ அதைக் காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். ஒரு விமர்சகன் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. நம்முடைய புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தரவேண்டும். அதில் ஹாஷ் என்கிற ஒரு முத்திரை எண்ணும் குறிக்கவேண்டும். இன்று கொடுத்த நகல் நாளைக்கு மாறவில்லை என்பதற்கு அந்த எண் சாட்சி சொல்லும். முத்திரை வைப்பதற்கு முந்தைய நாள் கடையில் என்ன நடந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

முகம் வேண்டாம், எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ல் ஜெர்மனியில் டேவிட் கிரீஸல் என்பவர் ஒரு வீட்டு வரைபடத்தை ஸெராக்ஸ் கம்பெனியின் யந்திரத்தில் நகல் எடுத்தார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று வெவ்வேறாக இருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 என்று வந்து நின்றன. யந்திரம் இடத்தை மிச்சம் பிடிக்க, ஒரேமாதிரி தெரிகிற துண்டுகளுக்கு ஒரே துண்டைப் போட்டு நிரப்பியிருந்தது. அது டிஃப்யூஷன் யந்திரம் அல்ல. அவ்வளவு சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. ஆனாலும் அதே நோய். மங்கலாக இருந்திருந்தால் ஜனங்கள் கண்ணை இடுக்கிப் பார்த்திருப்பார்கள். தெளிவாகத் தப்பாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஏரிக் கரையோரம் மனை வாங்கி, பழைய பத்திரத்தின் மங்கல் நகலை வைத்துக்கொண்டு அளவு சரிதானா என்று அலைகிறவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை. பத்திரத்தைத் தயவுசெய்து துலக்காதீர்கள்.

சினிமாக்காரர்களைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகும். 1964ல் வந்த 'கர்ணன்' படத்தைக் கீறல் நீக்கி, ஒலியைச் சீர்செய்து 2012ல் மறுபடி திரையிட்டபோது கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அது துடைப்பது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் துடைக்கிற கை நீண்டால் எங்கே போய் முடிகிறது என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். 2013ல் வந்த ஹிந்திப் படம் 'ராஞ்சனா', தமிழில் 'அம்பிகாபதி'. முடிவில் இறந்துபோகிற நாயகனைச் செயற்கை அறிவால் எழுப்பி உட்காரவைத்துத் திரையிட்டார்கள். டைரக்டர் ஆனந்த் எல். ராயும் நடித்த தனுஷும் ஆட்சேபித்தார்கள், படம் ஓடிற்று. அம்பிகாபதி கம்பன் மகன் பெயர் அல்லவா? நூறு பாட்டுக்கு ஒன்று குறைந்து உயிர் விட்டவன் என்பது கதை. யாரோ இரக்கப்பட்டு அந்த ஒரு பாட்டைச் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

திருத்துகிற ரசிகர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. ரசிகமணி டி.கே.சி. கம்பனில் தமக்குப் பிடிக்காத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். பிடித்த பாடல்களிலும் சொற்களை மாற்றினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். நானும் பண்டிதர்கள் கட்சிதான். ஆனால் டி.கே.சி.யோடு சண்டை போட முடிந்தது. புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. பழைய பதிப்புகள் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு இவர் இங்கே கை வைத்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தது. யந்திரத்தின் பதிப்பில் கை வைத்த இடம் எது என்றே தெரிவதில்லை. தெரியாமல் செய்வதுதான் அதற்குக் கொடுத்த பயிற்சி.

உ.வே. சாமிநாதையர் 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துபோயிருந்தன. அந்த இடங்களிலெல்லாம் வரிசையாகப் புள்ளி வைத்தார். சங்கத் தமிழ் அவ்வளவு படித்தவருக்கு, ஆசிரியப்பாவில் நாலு சீர் போட்டு நிரப்பத் தெரியாதா? போட்டிருந்தால் நமக்குக் கண்டுபிடிக்கத்தான் தெரிந்திருக்குமா? பத்துவருஷம் கழித்துப் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோதும் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமல், எட்டுப் பத்தாகவே வெளியிட்டார். பெயர் பதிற்றுப்பத்து என்றே இருந்தது.

போட்டோவிலும் புள்ளி வைக்க முடியுமா என்று கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனைக் கேட்டேன். முடியும் என்றான். நாலைந்து தரம் ஓட்டி, ஒவ்வொரு தரமும் ஒரேமாதிரி வருகிற இடத்தைத் தெளிவாகவும், தரத்துக்குத் தரம் மாறுகிற இடத்தை மங்கலாகவும் விட்டுவிடலாமாம். பெரிய வேலை இல்லை என்கிறான். ஒரேமாதிரி வருவதெல்லாம் உண்மையாகிவிடாது என்றும் அவனே சொன்னான். தழும்பு ஐந்து தரமும் ஒரேமாதிரிதான் காணாமல் போயிருக்கும். அதைவிடச் சுலபமாக ஒன்று உண்டு. துலக்கிய படத்தின் கீழ்மூலையில், தீப்பெட்டி அளவில், அசல் மங்கல் படத்தையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுக்கலாம். அம்பத்தூர்க் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். செலவும் இல்லை என்றார். ஒரு மாதம் அப்படியே செய்தும் பார்த்தார்.

அநேகமாக எல்லாரும் மூலையைக் கத்தரித்துத் தரச் சொல்கிறார்கள் என்றார். கத்தரித்துத் தருகிறாராம். ஒருவர் மட்டும், கத்தரித்த துண்டைத் தூக்கிப் போடாமல் படத்தின் பின்பக்கம் ஒட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் போனாராம்.